செல்லம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில், வேலை முடிந்து வருகிற சிங்களவர்களுக்கு மாலை நேரத்தில் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வங்கி, ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம் என்று நாள் முழுக்கச் சனங்களோடு கதைக்க வேண்டிய இடங்களில் இருப்பவர்கள்தான் அதிகம். எப்படியும் மூன்றாம் கிழமைக்குள் யாராவது ஒருவர் 'செல்லம்' என்ற சொல்லில் தடுக்கி விழுவார். அங்கிருந்து கேள்விகள் கிளம்பும். வீட்டில் வந்து சொன்னால் எங்கள் ஆட்களும் தங்கள் பங்குக்கு நாலு கேட்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைத்துவிட்டேன்.

செல்லம் என்றால் அன்புதானே? அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். 'எனக்கு உன்மேல் அன்பு', 'எனக்கு உன்மேல் பாசம்', 'எனக்கு உன்னில் நல்ல விருப்பம்'. மூன்றும் நிற்கும். இப்போது 'எனக்கு உன்மேல் செல்லம்' என்று சொல்லுங்கள். நாக்கு இடறும். அன்பு மனதுக்குள் கிடக்கலாம், யாருக்கும் தெரியாமலே ஆயுள் முழுக்கக் கிடக்கலாம். செல்லம் அப்படி ஒளிந்திருக்க முடியாது. அதைக் கொடுக்க வேண்டும், கொஞ்ச வேண்டும், பொழிய வேண்டும், பண்ண வேண்டும். கேட்டதும் கிடைத்த டொபி, அழுதால் தூக்கிய இடுப்பு, எட்டு மணிக்குப் படுக்கப் போகாமல் ஒன்பதரை வரை ரி.வி. பார்க்கக் கிடைத்த அனுமதி, இவையெல்லாம்தான் செல்லம்.

அதற்குத் திசையும் உண்டு. மேலிருந்து கீழே வரும். அம்மம்மா செல்லம் கொடுப்பார், பேரன் செல்லம் பண்ணுவான். பேரன் அம்மம்மாவுக்குச் செல்லம் கொடுத்தான் என்று யாராவது சொன்னால், ஒன்று பகிடி, அல்லது அம்மம்மாவுக்கு வயது நன்றாகப் போய்விட்டது.

இன்னொரு வேலையும் இந்தச் சொல் செய்கிறது. வேறொரு சொல்லுக்கு முன்னால் போய் நின்று அதன் முள்ளை ஒடித்துவிடும். கோபம் சுடும், செல்லக் கோபம் சுடாது. சண்டைக்குப் பிறகு ஒரு வாரம் பேச்சு இருக்காது, செல்லச் சண்டைக்குப் பிறகு தேத்தண்ணி வரும்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது?

செல்வத்தின் வீட்டிலிருந்து. பழைய அகராதிகளில் செல்லத்துக்குச் செல்வம், வளம் என்ற பொருளும் எழுதியிருக்கும். 'செல்வம்' என்பதை நாலு தரம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இடையில் நிற்கிற 'வ' உதட்டில் வழுக்கி, 'ல' இரண்டு மடங்காகிவிடும். ஒலி மாறியதோடு பொருளும் பெட்டகத்திலிருந்து தொட்டிலுக்கு இறங்கியது.

இது வெறும் ஊகம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் மேலுக்கோட்டையைக் காட்டுவேன். கர்நாடகத்தில் இருக்கிற வைணவத் தலம் அது. தமிழ் வைணவர்கள் திருநாராயணபுரம் என்பார்கள். அங்கே உற்சவ மூர்த்திக்குச் செல்வப்பிள்ளை என்று பெயர். செல்லப்பிள்ளை என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒரே பிள்ளைதான். அந்த மூர்த்தி தில்லிக்குக் கொண்டுபோகப்பட்டு, சுல்தானின் மகள் வைத்து விளையாடும் பொம்மையாக இருந்ததாம். ராமானுஜர் தேடிப் போய், 'என் செல்வப்பிள்ளாய், வாராய்' என்று கூப்பிட, சலங்கை ஒலிக்க நடந்து வந்து அவர் மடியில் ஏறியதாம். நடந்ததோ இல்லையோ, வைணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. எனக்கு வேண்டியது வேறு. வடமொழியில் அந்தப் பெருமாளுக்குச் சம்பத்குமாரன் என்று பெயர். சம்பத்து என்றால் செல்வம், குமாரன் என்றால் பிள்ளை. மொழிபெயர்த்தவர்களுக்கு அது 'செல்வம்' என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கன்னடக்காரர் காதில் அதே பெயர் 'செலுவ' என்று விழுந்தது. அவர்கள் மொழியில் அது அழகு. ஆக, ஒரு பிள்ளைக்கு மூன்று பொருள்: செல்வமானவன், செல்லமானவன், அழகன். எந்தத் தாய் இதில் ஒன்றை வேண்டாம் என்பாள்?

வகுப்பில் எப்போதும் ஒரு சம்பத் இருப்பார். சிங்களவரிடையே அது அவ்வளவு பரவலான பெயர். 'உங்கள் பெயருக்குத் தமிழில் செல்வம், கொஞ்சம் இழுத்தால் செல்லம்' என்று சொன்னால் அந்த வாரம் முழுக்க அவருக்கு நிம்மதி இருக்காது.

பிள்ளையைச் சொத்தாக எண்ணுவது நமக்குப் புதிதும் இல்லை. 'தம்பொருள் என்பதம் மக்கள்' என்று திருக்குறள் (63) சொல்கிறது. ஒருவருடைய பொருள் எதுவென்றால் அவருடைய பிள்ளைகள்தான் என்று அர்த்தம். குறளில் செல்லம் என்ற சொல் கிடையாது. ஆனால் அந்த எண்ணம் அங்கே தயாராக உட்கார்ந்திருக்கிறது.

'செல்' என்றால் போ என்று அர்த்தமாச்சே. 'போ' என்பதிலிருந்து எப்படிக் கொஞ்சல் வரும்?

இது தமிழர்கள் கேட்கிற கேள்வி. 'செல்வோம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் அது செல்வம்' என்ற பழைய சிலேடை மனதில் இருக்கும். கோயில் பிரசங்கத்தில் கேட்க நன்றாக இருக்கும், சொல்லாராய்ச்சிக்கு உதவாது.

'செல்' என்பதற்குப் போவதைத் தவிர இன்னொரு பொருள் உண்டு: எடுபடுவது, மதிப்போடு நடமாடுவது. இந்தத் தாள் செல்லும், அந்தத் தாள் செல்லாது. பஸ் சீசன் டிக்கெட்டில், மருந்துச் சீட்டில், கடவுச்சீட்டில் எல்லாம் 'செல்லுபடியாகும் காலம்' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்தச் செல்தான். செல்லாக்காசு என்று ஒரு மனிதரைத் திட்டும்போதும் அதே செல்தான். இதில் எனக்குப் பிடித்தது செல்வாக்கு. பிரித்துப் பார்த்தால் செல் + வாக்கு, அதாவது செல்லுகிற சொல். யாருடைய பேச்சு எடுபடுகிறதோ அவருக்குச் செல்வாக்கு.

இப்போது மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டை யோசியுங்கள். யாருடைய வாக்கு அங்கே செல்கிறது? இரவு பத்து மணிக்கு அப்பா சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ்கிறீம் வாங்க இறங்குவது யாருடைய உத்தரவில்? செல்வம் என்ற சொல்லே இந்தச் 'செல்'லிலிருந்து பிறந்தது என்று கொள்வோரும் உண்டு. புழங்குவது, எடுபடுவது, மதிப்புள்ளது என்று அதற்குப் பாதை போடுவார்கள். நான் அந்தக் கட்சிதான்.

செல் என்றால் கறையான் என்றும் ஒரு பொருள் உண்டு. செல்லரித்த புத்தகம் என்கிறோமே, அது வேறு குடும்பம். கைத்தொலைபேசியை 'செல்' என்பது தமிழ்நாட்டுப் பழக்கம், கொழும்பில் ஃபோன்தான். இரண்டுக்கும் செல்லத்தோடு உறவு இல்லை. ஃபோனை நாம் வைத்துக் கொஞ்சுகிற அழகைப் பார்த்தால் சந்தேகம் வரும், அது வேறு கதை.

சிங்களத்தில் 'செல்லம்' என்றால் விளையாட்டு. இது எப்படி?

கொழும்பில் இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டியதே இதற்காகத்தான்.

என் தங்கை காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி வீட்டில் இருக்கிறாள். கீழ்வீட்டில் ஒரு சிங்கள ஆச்சி. (ஆச்சி என்ற சொல் இரண்டு மொழியிலும் பாட்டிதான், அதில் குழப்பமில்லை.) தங்கையின் மகனுக்கு அப்போது இரண்டரை வயது. ஒருநாள் காலையில் சப்பாத்துப் போட மாட்டேன் என்று படியில் குப்புறப் படுத்துவிட்டான். முன்பள்ளி வான் வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது. இவள் பொறுமை இழந்து, 'செல்லம் பண்ணாமல் எழும்பு!' என்று கத்தினாள். கீழே கதவு திறந்தது. ஆச்சி எட்டிப் பார்த்து, 'பவ்! தருவாட்ட செல்லம் கரன்ன தென்ன' என்றார். பாவம், பிள்ளையை விளையாட விடு என்று அர்த்தம். சொன்னதோடு விடவில்லை. உள்ளே போய், சில்லு ஒன்று கழன்ற ஒரு பிளாஸ்டிக் லொறியைக் கொண்டுவந்து படியில் வைத்தார். பயல் எழும்பிவிட்டான், லொறியோடு. சப்பாத்து படியிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு அம்மா எப்போது 'செல்லம் பண்ணாதே' என்றாலும் அவன் கீழ்வீட்டுக் கதவைத்தான் பார்ப்பான்.

சிங்களத்தில் 'செல்லம் கரனவா' என்றால் விளையாடுகிறது. 'செல்லம் படு' என்றால் விளையாட்டுச் சாமான். புறக்கோட்டையில் நடைபாதைக் கடைக்காரர் அப்படிக் கூவி விற்கும்போது, ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ் அம்மாமார் திரும்பிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். மிரட்டவும் இதே சொல்தான். 'மாத் எக்க செல்லம் கரன்ன எபா' என்று பஸ் கொண்டக்டர் ஒருவரிடம் சத்தம் போட்டால், என்னோடு விளையாடாதே என்று அர்த்தம். தமிழ்க் காதில் அது 'என்னோடு செல்லம் கொஞ்சாதே' என்று விழும். 100-ஆம் இலக்க பஸ்ஸில் பின் இருக்கையில் இருந்துகொண்டு இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

யார் யாரிடம் வாங்கியது?

சிங்களம் தமிழிடம். விளையாட்டுக்குச் சிங்களத்தில் 'கெலிய' என்று வேறு சொல் இருக்கிறது. நாம் கேளிக்கை என்கிறோமே, அதன் வழியில் வந்தது. சிங்களவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'கெலி செல்லம்' என்றும் சொல்வார்கள். ஆடலும் பாடலுமாகக் கும்மாளம் அடிப்பதைக் குறிக்கும். வீட்டுச் சொல்லும் வந்த சொல்லும் கை கோத்துக்கொண்டு போவது மொழிகளில் சாதாரணம்.

கடைக்கு 'கடே', மூத்த சகோதரிக்கு 'அக்கா', காசுக்கு 'சல்லி' என்று இந்த வழியில் போனவை ஏராளம். சல்லியை நாம் சல்லிக்காசு என்ற தொடரில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றபடி மறந்துவிட்டோம், சிங்களத்தில் அது நாளாந்தச் சொல். கொழும்புத் தமிழிலும் முஸ்லிம்கள் பேச்சிலும் சல்லி நன்றாகவே செல்லுகிறது.

கொஞ்சுவதற்கான சொல் எப்படி விளையாட்டானது என்பதும் பெரிய புதிர் இல்லை. பிள்ளை இருக்கிற இடத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பாயில் உருட்டி விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டுவது கொஞ்சலா, விளையாட்டா? தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியலில் ஒரு சூத்திரம் இருக்கிறது: 'செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று, அல்லல் நீத்த உவகை நான்கே.' மகிழ்ச்சி பிறக்கிற இடம் நாலு என்று சொல்கிறது. அந்த நாலில் செல்வம் முதலாவது, விளையாட்டு கடைசி. நம் ஆட்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள், கீழ்வீட்டு ஆச்சி கடைசியை எடுத்துக்கொண்டார். இதை நான் வகுப்பில் சொல்லுவது ஒரு ரசனைக்காக. தொல்காப்பியருக்கும் பிளாஸ்டிக் லொறிக்கும் நேரடி வழி கிடையாது.

வெற்றிலைப் பெட்டிக்கும் செல்லம் என்று பெயராமே?

ஆமாம். தமிழ்நாட்டில் பழைய ஆட்கள் வெற்றிலைச் செல்லம் என்பார்கள். மலையாளத்தில் இன்றைக்கும் 'செல்லம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெற்றிலைப் பெட்டிதான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வெற்றிலைத் தட்டம் என்போம், கிழக்கில் வட்டா என்பார்கள். அதனால் இந்தப் பொருள் இலங்கையில் அதிகம் புழங்கவில்லை.

நான் அதை முதலில் கேட்டது செட்டியார் தெருவில். சிங்களத்தில் ஹெட்டி வீதிய. ஒரு நகைக்கடைக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார், எனக்குக் காது குத்திய வருடம். உள் அறையில் ஒரு கணக்குப்பிள்ளை ஐயா, செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், காலை மடித்து உட்கார்ந்திருந்தார். அப்பா கொடுத்த காசை எண்ணிவிட்டு, 'அந்தச் செல்லத்தை இப்படித் தள்ளு' என்று கையை நீட்டினார். செல்லம் என்றால் நான்தான் என்று நினைத்து நான் ஓரடி முன்னால் போனேன். அவர் கேட்டது என் காலடியில் இருந்த பித்தளைப் பெட்டியை. மேல்தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புக் கரண்டகம், ஒரு பாக்குவெட்டி. தட்டைத் தூக்கினால் கீழே சில்லறை, சாவிக்கொத்து, நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. அப்பாவின் காசையும் அதற்குள்தான் வைத்தார்.

பெட்டிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

செல்லையா, செல்லம்மா எல்லாம் இதிலிருந்து வந்த பெயர்களா?

ஆமாம். செல்லையா, செல்லப்பா, செல்லத்துரை, செல்லமுத்து, செல்லாச்சி என்று போன நூற்றாண்டு வரை நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். பாரதியாரின் மனைவி செல்லம்மாள். நல்லூர்த் தேரடியில் இருந்த சித்தர் செல்லப்பா சுவாமி, யோகர் சுவாமியின் குரு. பெயர்தான் செல்லப்பா, கிட்டே வந்தவர்களை ஏசித் துரத்துகிறவர் என்று பெயரெடுத்தவர். 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்பது அவர் வாக்கு.

'வ' விழாமல் நின்ற கிளையும் இருக்கிறது: செல்வராசா, செல்வநாயகம். தந்தை செல்வா என்று நாம் சொல்லும் சா.ஜே.வே. செல்வநாயகம் (1898–1977) அந்தக் கிளை. இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு கிளையிலும் யாரும் பெயர் வைப்பதாகத் தெரியவில்லை. பதிவுப் பத்திரத்தில் வாயில் நுழையாத ஒன்றை எழுதிவிட்டு, வீட்டில் செல்லம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் போய்ச் செல்லப்பெயராகிவிட்டது.

அலுவலகத்தில் சக ஊழியரைச் 'செல்லம்' என்று கூப்பிடலாமா?

வேண்டாம். படிவத்தில் திரு, திருமதிக்குப் பக்கத்தில் 'செல்வி' என்று ஒன்று இருக்கிறது. அதுவும் இதே குடும்பம்தான், அது போதும்.

தமிழ்நாட்டுத் தொடர்களில் 'ச்செல்லம்' என்று அழுத்திச் சொல்கிறார்களே, எது சரி?

இரண்டும். ஒரு சொல்லை எப்படி உச்சரித்தாலும் பிள்ளை திரும்பிப் பார்த்தால் சரியான உச்சரிப்பு. எழுதும்போது மட்டும் 'ல்ல' போடுங்கள், 'ள்ள' வேண்டாம். அப்புறம், பின்னால் சொல் சேர்ந்தால் 'ம்' போய்விடும்: செல்லக்குட்டி, செல்லப்பிள்ளை, செல்லத்தம்பி.

நம் ஊரில் செல்லம் தவிர வேறு என்ன சொல்லிக் கொஞ்சுகிறோம்?

யாழ்ப்பாணத்துக்கு என்றால் முதலில் குஞ்சு. 'என்ர குஞ்செல்லே, ஒரு வாய் சாப்பிடு' என்று கெஞ்சாத அம்மம்மா கிடையாது. கோழிக்குஞ்சின் மென்மையும் சூடும் அதில் இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பொது இடத்தில் சொல்லக் கூடாத ஒரு பொருள் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு, முப்பது வயது மகனை எங்கள் பெரியம்மா 'குஞ்சு, இஞ்ச வா' என்று கூப்பிட்டபோது முன்னால் நின்ற குடும்பமே திரும்பியது. மகன் அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போயிருப்பான், தரை சிமெந்து.

ராசா, ராசாத்தி எல்லாருக்கும் பொது. பொடியனை அப்பன், அப்பு என்பது இன்னொன்று. பெற்ற பிள்ளையைத் தகப்பன் பெயரால் கூப்பிடுவது முஸ்லிம் வீடுகளிலும் உண்டு. மகனை 'என்ட வாப்பா' என்று தூக்கி வைத்துக்கொள்வார்கள். மலையகத்து ஆட்கள் 'சாமி' என்பார்கள். கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு மீன் கொண்டுவந்து தருகிற அம்மா என்னை இன்றைக்கும் 'வாங்க சாமி' என்றுதான் சொல்லுவார். மீன் விலை மட்டும் சாமிக்கும் குறையாது.

தகப்பன், அரசன், கடவுள் என்று பாருங்கள். அதிகாரம் உள்ள எல்லாப் பட்டத்தையும் எடுத்துப் பால் பல் முளைக்காத ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறோம். வாக்குச் செல்லும் பிள்ளைதான் செல்லம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இவர்கள் எல்லாரும் சாட்சி.

சிங்களவர் என்ன சொல்லிக் கொஞ்சுகிறார்கள்?

இதைத் தமிழர்கள் கேட்பதே குறைவு. கேட்டால் நல்லது, ஏனென்றால் பதில் நம் வீட்டுப் பதில். 'ரத்தரன்' என்பார்கள், தங்கம். 'மெணிக' என்பார்கள், மாணிக்கம். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'மகே வஸ்துவ'. வஸ்து என்றால் சொத்து, பொருள். 'என் சொத்தே' என்று பிள்ளையை அணைத்துக்கொள்கிறார்கள். தமிழ்ச் செல்லம் அங்கே போய் விளையாட்டாக மாறிவிட்டாலும், அது விட்டுவந்த பழைய வேலையை அவர்களிடம் வஸ்துவ பார்த்துக்கொண்டிருக்கிறது.

நாம் பிள்ளையைச் செல்லம் கொஞ்சுகிறோம் என்பதற்கு அவர்கள் சொல்வது 'ஹுரதல் கரனவா'. வகுப்பில் இதை எழுதிப் போட்டால்தான் பாதிப் பேருக்கு வெளிச்சம் வரும். ஆச்சிக்கும் அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் லொறி மிஞ்சியிருக்கும்.

'ஆதரே' என்பதையும் கேட்பார்கள். அது 'ஆதர' என்ற வடசொல். சிங்களத்தில் காதல், அன்பு. நம்மிடம் அதே சொல் ஆதரவு ஆகி, தேர்தல் சுவரொட்டிக்குப் போய்விட்டது. தமிழ் படிக்கிற ஓர் இளைஞர், 'உங்கள் ஆதரவு எங்களுக்கே' என்ற சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, இந்த வேட்பாளர் ஏன் ஊருக்கே காதல் கடிதம் எழுதுகிறார் என்று என்னிடம் கேட்டார்.

பாசம், நேசம் எல்லாம் இதைவிட உயர்ந்தவையா?

உயர்வு தாழ்வு எனக்குத் தெரியாது, சாமான் வேறு. பாசம் என்றால் வடமொழியில் கயிறு, சுருக்கு. யமன் கையில் இருப்பது பாசக்கயிறு. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று மூன்று சொல்வார்கள். அதில் பாசம் என்பது உயிரைக் கட்டி வைத்திருக்கும் தளை. அந்தக் கட்டைத்தான் நாம் 'தாய்ப்பாசம்' என்று மாலை போட்டு வைத்திருக்கிறோம். நேசம், நேயம், சினேகம் மூன்றும் 'ஸ்நேஹ' என்ற சொல்லிலிருந்து வந்தவை. அதன் மற்றப் பொருள் எண்ணெய், பிசுக்கு. சிங்களத்து 'செனெஹச'வும் அதே எண்ணெய்தான். ஆக, பாசம் கயிறு, நேசம் எண்ணெய், செல்லம் காசு. ஒன்று கட்டும், ஒன்று ஒட்டும், ஒன்று செலவாகும்.

செல்லம் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடுமா?

இது சொல்லாராய்ச்சி இல்லை, ஆனாலும் கேட்காமல் விடமாட்டார்கள். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துப்போட்டீங்கள்' என்ற வசனத்தை அநேகமாக ஒரு தாய் தன் தாயைப் பார்த்துத்தான் சொல்லுவாள். அந்தத் தாய்க்கு இவள் பிள்ளையாக இருந்தபோது செல்லம் கொடுக்க நேரம் இருந்திருக்காது. அடியாத மாடு படியாது என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. அது மாட்டைப் பற்றியது.

நாய், பூனைக்கு 'செல்லப் பிராணி' என்பது சரியா?

சரி, நன்றாக நிலைத்துவிட்டது. ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாயை நாய் என்கிறோம், அல்லது அதன் பெயரைச் சொல்கிறோம். செல்லப் பிராணி என்பது மிருக வைத்தியரின் பெயர்ப்பலகையில் வாழ்கிற சொல்.

எத்தனை வயது வரைக்கும் ஒருவரைச் செல்லம் என்று கூப்பிடலாம்?

எங்கள் மாடிக்கு எதிர்ப்புறம் ஓர் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். அக்காவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. தம்பி அரசாங்க உத்தியோகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், வெள்ளைச் சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டுதான் மரக்கறி வாங்கவே போவார். போன சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தை வாசலில் அவர் ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டும் மறுகையில் குடையுமாக வீதி கடக்க நின்றார். பின்னாலிருந்து அக்கா, பஸ் சத்தத்துக்கு மேலாகக் கூப்பிட்டார்: 'செல்லம், பார்த்துப் போ, வாகனம் வருது!'

அவர் முதலில் இந்தப் பக்கம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் பார்த்தார். வாகனத்துக்காக இல்லை, யாருக்குக் கேட்டது என்று. நான் உடனே வாழைப்பழத்தை விலை கேட்கத் தொடங்கினேன். அவர் திரும்பிப் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'மெதுவாச் சொல்லுங்கோக்கா' என்றார்.